உருதுப் பள்ளிகளுக்கு மாணவர் நடத்தை வினாத்தாள்: மொழிபெயர்த்தால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: "மாணவர்களின் நடத்தையை ஆசிரியர்கள் மதிப்பிடும் ஆங்கில வினாத்தாள் ஒன்றைப் பாகிஸ்தானின் உருது வழிப் பள்ளிகளில் பயன்படுத்தப் போகிறோம். உருதுவில் மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்து அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, 300 மாணவர்களிடம் சோதித்தால் போதுமா? அதே தாளை இந்தியாவில் உள்ள உருதுப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகலாமா?"

போதாது. மொழிபெயர்ப்பு இந்த வேலையில் சிறிய பங்குதான். ஆசிரியர் நிரப்பும் தாள் மாணவரை நேராக அளப்பதில்லை. ஓர் ஆசிரியர் தன் வகுப்பில், தன் எதிர்பார்ப்புகளோடு அந்த மாணவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைத்தான் அளக்கிறது. ஆகவே தாள் பொருந்த வேண்டியது உருது மொழிக்கு மட்டுமல்ல, அதை நிரப்பப் போகும் ஆசிரியருக்கும் அவருடைய வகுப்பறைக்கும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஆசிரியர்களோடு உட்காரச் செலவிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

எந்தத் தாள் என்று நீங்கள் சொல்லவில்லை. பாகிஸ்தானில் அதிகம் புழங்கும் ஒன்றை வைத்தே பேசுகிறேன். ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட 'பலங்களும் சிரமங்களும்' வினாத்தாள், சுருக்கமாக எஸ்.டி.கியூ. மொத்தம் 25 கூற்றுகள். மனவெழுச்சிச் சிக்கல், நடத்தைச் சிக்கல், துறுதுறுப்பும் கவனக்குறைவும், சக மாணவரோடு உறவு, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து கூற்று. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். நல்ல குணத்தைச் சொல்லும் சில கூற்றுகளுக்கு மட்டும் தலைகீழாக: 'உண்மை' என்றால் 0. கடைசிப் பிரிவை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு மொத்தம் வரும். ஆசிரியர் தாளுக்கான பழைய பிரிட்டிஷ் கணக்கில் 11 வரை இயல்பு, 12 முதல் 15 வரை எல்லைக்கோடு, 16ம் அதற்கு மேலும் சிக்கல். பெற்றோர் தாளுக்கு இந்த எண்கள் வேறு. ஒன்றின் கட்-ஆஃபை, அதாவது பிரிக்கும் எல்லை எண்ணை, மற்றொன்றுக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அனுமதி. எஸ்.டி.கியூ.வுக்குப் பதிப்புரிமை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட உருது வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்களாக ஒரு புது மொழிபெயர்ப்பு செய்யவோ, கூற்றுகளை மாற்றவோ உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இதைத் தெரியாமல் ஆய்வு மாணவர்கள் பல மாதம் உழைத்து மொழிபெயர்த்துவிட்டு, அதைப் பயன்படுத்த முடியாமல் நிற்பார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்றும் பொருளில்லை. சொற்களில் கை வைக்காமல், ஆசிரியருக்குத் தரும் விளக்கம், தாள் நிரப்பும் சூழல், நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் அதே விடை வருகிறதா), ஏற்புடைமை (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா), கட்-ஆஃப் இவற்றைச் சரிசெய்வதே ஒரு முழு ஆய்வுக்குப் போதுமான வேலை. அக்கன்பாக்கின் ஆசிரியர் படிவம், கானர்ஸ் அளவுகோல் போன்ற வேறு நடத்தைத் தாள்களுக்கும் உரிமம் வாங்க வேண்டும். அதற்குப் பணமும் ஆகும்.

புதிதாக மொழிபெயர்க்க அனுமதி கிடைத்தால் வழிமுறை ஒன்றும் மறைபொருள் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பது, இரண்டையும் ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது, ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுப்பது, 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டம் பார்ப்பது. பீட்டனும் சகாக்களும் 2000இல் எழுதிய இந்த வரிசையைத்தான் பெரும்பாலானோர் பின்பற்றுகிறார்கள். ஆனால் திருப்பி மொழிபெயர்ப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தால், விறைப்பான உருது வாக்கியத்தைக்கூட அவர் அழகான ஆங்கிலமாக்கித் தந்துவிடுவார். தாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கிராமப் பள்ளி ஆசிரியை அதைப் படித்து என்ன புரிந்துகொண்டார் என்பது அதில் வெளியே வராது.

அந்த ஆசிரியை யார் என்று யோசித்துப் பாருங்கள். உருது பாகிஸ்தானின் தேசிய மொழி, ஆனால் 2017 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 7 சதவீதம்தான். பள்ளியில் உருதுவில் பாடம் நடத்தும் ஆசிரியர் வீட்டில் பஞ்சாபியோ பஷ்தோவோ சிந்தியோ சராய்கியோ பேசுபவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பாரசீகமும் அரபியும் கலந்த அலுவலக உருதுவில் தாள் இருந்தால் அவருக்குப் படிக்கத் தெரியும், மனத்தில் படம் வராது. வகுப்பறையில் அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் சொற்கள் ஷராரத்தி (குறும்பு), ஜித்தி (பிடிவாதம்), பத்தமீஸ் போன்றவை. இதில் 'பத்தமீஸ்' என்பது மரியாதை தெரியாதவன் என்ற தீர்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது. தாளில் நடத்தையை விவரிக்கும் சொல் வேண்டும், திட்டும் சொல் வேண்டாம். பேச்சு வழக்குக்குப் பக்கத்தில், ஆனால் வசவில் விழாமல் எழுதுவது கஷ்டமான வேலை. அதற்கு மொழி அறிஞரைவிட இருபது வருடம் பாடம் நடத்திய தொடக்கப் பள்ளி ஆசிரியை நல்ல துணை.

இலக்கணத்தில் ஒரு சிக்கலைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் பையனுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். உருதுவில் வினையே ஆண், பெண் காட்டும். பையன் என்றால் 'கர்த்தா' (செய்கிறான்), பெண் என்றால் 'கர்த்தி' (செய்கிறாள்). 25 கூற்றிலும் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதினால் படிக்கச் சோர்வாக இருக்கும். ஆண்பாலில் மட்டும் எழுதினால் ஆசிரியை மனத்தில் பையன்தான் வருவான். பாகிஸ்தானில் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் ஆண், பெண் என்று தனித்தனி. அதனால் இரண்டு தாள் அச்சடிப்பது செலவில்லாத தீர்வு. அதற்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் கட்டம். தாள் தயாரானதும் பத்துப் பதினைந்து ஆசிரியர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒரு மாணவரை மனத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக யோசித்தபடி நிரப்பச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் அமைதியான பெண் ஒருத்தியை ஆசிரியை நினைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 'பொதுவாகச் சொன்ன பேச்சைக் கேட்கும்' என்ற கூற்று. "எழுதச் சொன்னால் எழுதுவாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள், தங்கமான பிள்ளை" என்று 'உண்மை'யில் டிக். 'நிறையக் கவலைகள், அடிக்கடி கவலையாகத் தெரியும்'. "அவளால் ஒரு தொந்தரவும் கிடையாது" என்று சொல்லி 'உண்மையில்லை'யில் டிக். 'ஒரு நல்ல நண்பராவது உண்டு'. "மூன்று பேரோடு ஒரே பெஞ்சில்தானே உட்காருகிறாள்" என்று 'உண்மை'. மொத்தம் கூட்டினால் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் நீங்கள் கேட்கிறீர்கள்: இந்த வருடம் அவள் தானாகக் கை தூக்கி ஏதாவது சொன்னாளா? இல்லை. இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாள்? கவனித்ததில்லை. சாப்பிடுகிறாளா? தெரியாது.

இங்கே ஆசிரியை மேல் தவறு இல்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சத்தம் போடுபவன்தான் கண்ணில் படுவான். அமைதி என்பது நல்ல ஒழுக்கம் என்று மதிக்கப்படும் இடத்தில், பயந்து ஒடுங்கிய பிள்ளை நல்ல பிள்ளையாகவே தாளில் பதிவாகும். மனவெழுச்சிச் சிக்கல் பிரிவு ஆசிரியர் தாளில் பலவீனமாக வருவதற்கு இது பெரிய காரணம். எந்தச் சொல்லை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. தாள் நிரப்பத் தொடங்கும் முன் அரை மணி நேர அறிமுகம் வையுங்கள். ஒவ்வொரு மாணவரையும் ஒரு வாரம் இடைவேளையிலும் கவனிக்கச் சொல்லி, பிறகு நிரப்பவையுங்கள். இதைத்தான் நான் தகவமைப்பு என்று சொல்வேன்.

இப்படி உட்கார்ந்து கேட்கும்போது மற்ற கூற்றுகளும் வாய் திறக்கும். 'வீட்டிலோ பள்ளியிலோ வேறெங்கோ திருடும்' என்பதில் வீடு ஆசிரியருக்குத் தெரியாது. சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் தெரியாததை 'இல்லை' என்று போடுவார்கள். விடுபட்டதற்கு வழி உண்டு: பிரிவில் மூன்று கூற்றாவது நிரம்பியிருந்தால் விகிதப்படி கணக்கிடலாம். பொய்யான பூஜ்யத்துக்கு வழியில்லை. 'பொய் சொல்லும் அல்லது ஏமாற்றும்' என்பது ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. தலைவலி, வயிற்றுவலி பற்றிய கூற்றை மனக்கவலையின் அடையாளமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். காலையில் சாப்பிடாமல் வெயிலில் நடந்து வரும் பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் அது பசி. 'நெளிந்துகொண்டே இருக்கும்' என்ற கூற்று மூன்று பேர் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தாலும், தரையில் கோணிப்பாய் விரித்து உட்கார்ந்தாலும் வேறு பொருள் கொள்ளும். 'சம வயதினரைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகும்' என்பது பல நாடுகளில் தடுமாறிய கூற்று. பெரியவர்களோடு மரியாதையாகப் பழகுவது பெருமையாகக் கருதப்படும் இடத்தில் அதைச் சிக்கல் என்று எண்ணி மதிப்பெண் போட யாருக்கு மனம் வரும்?

அடி விழும் வகுப்பு என்றால் கணக்கு இன்னும் குழம்பும். இஸ்லாமாபாத் தலைநகரப் பகுதியில் குழந்தைகளை அடிப்பதற்கு எதிரான சட்டம் 2021இல்தான் வந்தது. சட்டம் வந்த இடத்திலும் பழக்கம் உடனே போகாது. பிரம்பு உள்ள வகுப்பில் துறுதுறுப்பு பயத்தால் அடங்கியிருக்கும், அதே பிள்ளை தெருவில் வேறு ஆளாக இருப்பான். பெற்றோர் தாளையும் சேர்த்து வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். அக்கன்பாக், மெக்கானகி, ஹோவெல் 1987இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோர், ஆசிரியர் போல வெவ்வேறு இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையே தொடர்பு (முழுக்க ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.28தான். ஒரே மாதிரி இடத்தில் பார்ப்பவர்களிடையே 0.60. இரண்டு பேர் இரண்டு இடத்தில் பார்த்ததைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

தனித்தனிப் பள்ளி என்ற விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் பகுப்பாய்வில் இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். பையன்கள் பள்ளியில் பெரும்பாலும் ஆண் ஆசிரியர், பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பையன்களுக்கு நடத்தைச் சிக்கல் மதிப்பெண் கூடுதலாக வந்தால், அது பையன்களின் குணமா, ஆண் ஆசிரியர்கள் மதிப்பிடும் விதமா என்று உங்கள் தரவு சொல்லவே முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. பையனும் பெண்ணும் சேர்ந்து படித்து, ஆசிரியைகள் மதிப்பிடும் தனியார் பள்ளிகள் கொஞ்சமும், பையன்களுக்கு ஆசிரியை பாடம் நடத்தும் சிறு வகுப்புகள் கொஞ்சமும் மாதிரியில் சேருங்கள். அப்போதுதான் முடிச்சை ஓரளவு அவிழ்க்கலாம். இல்லாவிட்டால் ஆண், பெண் வேறுபாடு பற்றி முடிவுரையில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

எப்போது தரவு எடுப்பது என்பதும் முக்கியம். தாள் கடந்த ஆறு மாதத்தையோ இந்தக் கல்வியாண்டையோ பற்றிக் கேட்கிறது. கோடை விடுமுறை முடிந்த கையோடு போனால், சில ஆசிரியர்களுக்கு வகுப்பே புதிதாக இருக்கலாம். ரமலானில் பள்ளி நேரம் குறையும், நோன்பிருக்கும் பெரிய பிள்ளைகள் களைத்திருப்பார்கள், ஆசிரியரும் களைத்திருப்பார். ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். தாளைத் தலைமையாசிரியர் வழியாக வாங்காதீர்கள். தன் வகுப்பில் சிக்கல் உள்ள பிள்ளை அதிகம் என்று தெரிந்தால் தன் திறமையைச் சந்தேகிப்பார்கள் என்று ஆசிரியர் பயப்படுவார். மூடிய உறையில், பிள்ளையின் பெயருக்குப் பதில் எண் போட்டு, நேராக உங்கள் கைக்கு வர வேண்டும்.

இனி 300 பேர் போதுமா என்பது. எத்தனை ஆசிரியர்கள் என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரே ஆசிரியர் மதிப்பிடும் 30 பிள்ளைகளின் மதிப்பெண்களில் அந்த ஆசிரியரின் கண்டிப்போ தாராளமோ ஊறியிருக்கும். மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆசிரியரால் வருகிறது என்று வையுங்கள். பத்து ஆசிரியர்கள், தலைக்கு 30 பிள்ளை என்றால் விளைவுக் காரணி, அதாவது மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்ற எண், 1 + 29 × 0.2 = 6.8. உங்கள் 300 பேர் உண்மையில் 44 பேரின் பலம்தான். அதே 300ஐ அறுபது ஆசிரியர்கள், தலைக்கு ஐந்து பிள்ளை என்று எடுத்தால் காரணி 1.8, பலம் சுமார் 167 பேர். வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் ஐந்து பேரை எடுங்கள். ஆசிரியர் தேர்வு செய்தால் முதல் மதிப்பெண்காரனும் பெரிய வம்புக்காரனும்தான் வருவார்கள். இதில் ஆசிரியருக்கும் நிம்மதி. ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 40 பிள்ளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபதாவது தாளுக்குப் பிறகு டிக் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் விழ ஆரம்பிக்கும்.

புள்ளியியலில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றே விடைகள் உள்ள தாள் என்பதால், காரணிப் பகுப்பாய்வை (எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பதை) தொடர் எண்களுக்கான முறையில் செய்யாமல் வரிசைத் தரவுக்கான முறையில் செய்யுங்கள். தலைகீழாக மதிப்பெண் போட வேண்டிய ஐந்து கூற்றுகள் உண்டு (சொன்ன பேச்சு கேட்பது, யோசித்துச் செய்வது, வேலையை முடிப்பது, நண்பர் இருப்பது, மற்றவர்களுக்குப் பிடித்திருப்பது). இவை தமக்குள் ஒரு தனிக் கூட்டமாகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து பிரிவும் தெளிவாகப் பிரியாவிட்டால் வலிந்து பிரிக்க வேண்டாம். பொதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் உள்முகச் சிக்கல் (மனவெழுச்சி, சக மாணவர் உறவு), வெளிமுகச் சிக்கல் (நடத்தை, துறுதுறுப்பு), உதவும் குணம் என்று மூன்றாகப் பார்ப்பதே பொருத்தம் என்று குட்மேன் குடும்பப் பெயர் கொண்ட மற்றொரு ஆய்வாளரும் சகாக்களும் 2010இல் காட்டினார்கள். ஆசிரியரின் தாய்மொழி வாரியாகக் கூற்றுகள் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்பதையும் சோதியுங்கள். பாகிஸ்தானில் இது விருப்பத் தேர்வு அல்ல.

இனி கட்-ஆஃப். எனக்கு மனக் கவலை தருவது இதுதான். உருது எஸ்.டி.கியூ.வின் ஏற்புடைமையைச் சோதித்த ஆய்வு 2005இல் வந்தது. 2007இல் வெளியான கராச்சி ஆய்வில், 5 முதல் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் பெற்றோர் தாளின்படி சுமார் 34 சதவீதமும் ஆசிரியர் தாளின்படி சுமார் 36 சதவீதமும் 'சிக்கல்' வரிசையில் விழுந்தார்கள். பிரிட்டனில் அந்தக் கோடு போடப்பட்டதே பத்தில் ஒருவர் அதில் வரும்படிதான். கராச்சிப் பிள்ளைகளுக்குச் சிரமம் உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம், அந்த நகரம் பட்ட பாட்டுக்கு அது ஆச்சரியமில்லை. கோடு அந்த ஊருக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். மருத்துவர் நேரில் பார்த்துக் கண்டறிந்த ஒரு துணை மாதிரி இல்லாமல் எது என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் 300 பேரில், மதிப்பெண் அதிகம் வந்தவர்களில் சிலர், நடுவில் சிலர், குறைவாக வந்தவர்களில் சிலர் என்று எடுத்து, மதிப்பெண் தெரியாத மருத்துவரிடம் காட்டுங்கள். குறைவாக வந்தவர்களை விட்டுவிடாதீர்கள், கடைசி வரிசைப் பெண் அங்கேதான் இருக்கிறாள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா? எழுத்து ஒன்று, உருது எழுதப்படும் நஸ்தாலிக் வடிவில் வலமிருந்து இடமாகப் படிக்கும் ஆசிரியருக்கு இங்கும் சிரமமில்லை. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர் உருதுப் பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தக்கனி என்ற தெற்கத்தி உருது, தெருவில் தமிழ். ஹைதராபாத், மாலேகாவ் பள்ளிகளின் நிலை இதிலிருந்தும் வேறு. லாகூருக்காகச் சரிசெய்த சொற்களை இங்குள்ள ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள், ஆனால் அவர்கள் வகுப்பில் அப்படிப் பேச மாட்டார்கள். சத்தமாக யோசித்து நிரப்பும் கட்டத்தை இங்கே மறுபடி செய்யுங்கள். கட்-ஆஃபை மட்டும் எந்த ஊரிலிருந்தும் கடன் வாங்க வேண்டாம்.

தாளை முதல் பள்ளிக்கு எடுத்துப்போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 400 பிள்ளைகள் உள்ள பள்ளி, உண்மையில் சிக்கல் உள்ளவர்கள் 40 பேர் என்று வைப்போம். சிக்கல் உள்ளவர்களில் 80 சதவீதத்தையும், இல்லாதவர்களில் 85 சதவீதத்தையும் தாள் சரியாகப் பிரிக்கிறது என்றாலும், 32 பேரைப் பிடிக்கும், கூடவே 54 பேரைத் தவறாகப் பிடிக்கும். அந்த 86 பேரையும் யார் பார்ப்பது? பாகிஸ்தானில் குழந்தை மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு, பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது கட்டமாகப் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசப் பயிற்சி பெற்ற ஒருவரை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை பட்டியல் பள்ளிக்குப் போகக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் மதிப்பெண்ணோ நோயின் பெயரோ வேண்டாம். எந்த நாளில் யாரை வந்து பார்க்கலாம் என்பது மட்டும் இருக்கட்டும்.